சிட்டுக்குறுவி

இல்லைங்க, தெரிஞ்சுதான் அப்பிடி எழுதி வெச்சிருக்கேன். சிட்டுக்குறுவி. ஆமா, எழுத்துத் தப்புதான். உங்களுக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா. நான் இருபத்தாறு வருஷமா பாடப்புத்தகத்துக்குப் பிழை பாக்கறவ. நாலாம் வகுப்பு மொழிப்பாடம். ஒரு கால்புள்ளி எடம் மாறி விழுந்தா மூணு லட்சம் பிள்ளைங்க கெட்டுப்போகும்னு சொல்லிச் சொல்லியே எங்க ஆபீஸ்ல பயமுறுத்தி வெச்சிருக்காங்க. ஒரு துண்டுச் சீட்டுல நான் எழுதினதை எட்டிப் பாத்து ஒருத்தர் திருத்தறது இதுதான் மொத தடவை. அதுவும் ஒரு பார்சல்காரர். கோவிச்சுக்கல, ரசிச்சேன். உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க. விளையாட்டோட சர்வர் இன்னும் திறக்கல.

நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கீங்க? வாசல்ல நிக்கற வண்டி உங்களோடது, பின்கதவு வரைக்கும் பொட்டி அடுக்கியிருக்கு. வியாழக்கிழமை காலையில பத்தே முக்காலுக்கு, ஒரு பார்சல்காரர் வண்டியை நிறுத்திட்டு, ஒரு ராம்யொன் நூடுல்ஸ்கூடச் சொல்லாம, ஏழு கோபுரம் விளையாட்டோட முகப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு மவுஸ்ல கைய வெச்சபடியே உக்காந்திருந்தா வேற என்ன காரணம் இருக்கப்போகுது. இந்த வரிசையைப் பாருங்க. பதினாலு கம்ப்யூட்டரு. பதினாலுலயும் அதே கருப்புத் திரை, அதே மஞ்சள் எழுத்து. பராமரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் இன்னிக்கு விடுபடற பழைய ஆளுங்க பேரைப் பிடிக்க வந்தவங்கதான்.

வீட்டுல இணைப்பு இருக்கு. ஆனா கொஞ்சம் மந்தம். இந்தக் கடையில கம்பி தனி. இந்தக் கும்சொன் சந்தைப் பக்கத்துல இதைவிட வேகமான கடை கிடையாதுன்னு போர்டுலயே எழுதியிருக்கான். வேகத்துக்கு அடுத்து ஒரு எடம் விட்டிருக்கணும், விடல. ஆனா விஷயம் உண்மை.

உங்களுக்கு என்ன பேரு வேணும்? சொல்லலாம், திருட மாட்டேன். நிலாவா. ரெண்டே எழுத்து. ஆசை பெருசுதான். அந்தப் பேருக்கு இந்த நாட்டுல ஆயிரம் பேரு விரலைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பொண்ணு பேரா? ரெண்டாவது பொண்ணு. நல்லது. அவளுக்கு வாங்கிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டீங்களா? அது மட்டும் குடுத்திருக்கக் கூடாது.

எனக்கு விளையாட்டுல என்ன பேரா. இடைவெளிவிடு. சிரிக்கலையே நீங்க. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல எடம் விடுங்கன்னு இருபத்தாறு வருஷமா செவப்பு மையில எழுதிக்கிட்டிருக்கேன், அதையே பேரா வெச்சேன். ஆனா பேருக்கு நடுவுல எடம் விட அந்த விளையாட்டு ஒத்துக்காது. அதனால இடைவெளிவிடுங்கற பேரே இடைவெளி விடாமத்தான் நிக்குது. பதினொரு வருஷத்துல இந்தச் சிரிப்பு ரெண்டு பேருக்குத்தான் புரிஞ்சிருக்கு. அதுல ஒருத்தி நான்.

ஆளு யாருன்னா, எருமைத்தலை வீரன். ஏழடி. மூக்குல வளையம். கையில கதவு மாதிரி ஒரு கேடயம். என்ன அப்பிடிப் பாக்கறீங்க. அம்பத்துமூணு வயசுல, கழுத்துல கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்ட ஒரு பொம்பள எருமையா இருக்கக் கூடாதா. மத்தவங்க எல்லாம் தேவதையா போனாங்க. நான் நாள் முழுக்கக் குனிஞ்சு பொடி எழுத்தைப் பாக்கறவ. ஒரு மணி நேரமாவது நிமிந்து நின்னு அடி வாங்கணும்போல இருந்துச்சு.

பாருங்க, அறிவிப்பு மாறிடுச்சு. தவிர்க்க முடியாத காரணத்தினால் பராமரிப்பு பதினொன்று நாற்பது வரை நீட்டிக்கபடுகிறது. கபடுகிறதாம். நடுவுல ப் எங்க போச்சு? ரெண்டு மாசமா சொல்லிச் சொல்லிச் செய்யற வேலை, அதுல ஒரு ஒற்றெழுத்தைக்கூடக் காப்பாத்த முடியல, இவங்க எங்க லட்சம் பேரைக் காப்பாத்தறது.

பதினொன்னு நாப்பது. ம். உங்க பொட்டியெல்லாம் என்ன ஆகும்? மதியத்துக்குள்ள முடிச்சா போதுமா. அப்ப ஒரு ராம்யொன் சொல்லுங்க. இங்க முட்டை போட்டுத் தருவான். நானும் சொல்றேன். காலையிலருந்து ஒண்ணும் எறங்கல.

காலு ஆடுதா? மன்னிச்சுக்கோங்க. உங்க மேசையும் சேந்து ஆடுதுல்ல. நிறுத்தறேன்.

அதுக்கு ஏன் தப்பான பேருன்னு கேட்டீங்க. போட்டி இருக்காதுல்ல, அதான். சரியா எழுதின சிட்டுக்குருவியை விளையாட்டு ஆரம்பிச்ச மொத நிமிஷத்துலயே எவனோ எடுத்துட்டான். ராஜா, தளபதி, சிங்கம், புலி, நிலா, மழை, எல்லாம் மொத அஞ்சு நிமிஷத்துல காலி. அப்பறம் வந்தவங்களுக்கெல்லாம் மிச்சம் மீதிதான். வால் மொளச்ச பேரு, நம்பர் ஒட்டின பேரு. வசவு வார்த்தையை மறைச்சு எழுதின பேரு வேற. அதுக்காக அவன் ஒரு வடிகட்டி வெச்சான் பாருங்க, அதைவிடக் கோமாளித்தனம் இல்ல. பதினெட்டுன்னு அடிச்சா இந்த ஊரு மொழியில வசவு மாதிரி காதுல விழுதுன்னு நட்சத்திரம் நட்சத்திரமா மாத்திடும். விளையாட்டுக்குள்ள கூட்டா வெச்சிருந்த எங்க சங்கத்துல நாங்க பதினேழும் ஒண்ணும்னுதான் எழுதுவோம். பதினேழும் ஒண்ணும் ஈட்டி வேணும். பதினேழும் ஒண்ணாம் மாடிக்கு வாங்க.

இல்ல, பேச்சை மாத்தல. போட்டி இருக்காதுங்கறது பொய்யில்ல. சரி, இன்னொரு காரணமும் இருக்கு. நான் பிழை சேக்கறவ. சிலரு தபால்தலை சேப்பாங்கல்ல, அந்த மாதிரி. வீட்டுல மூணு நோட்டு ரொம்பிடுச்சு. கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, அமைச்சர் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை, எல்லாம் இருக்கு. இதையும் சேத்து வெச்சுக்கலாம்னு.

நம்பலையா. நம்பாட்டிப் போங்க.

இருங்க, போன். ஆபீஸ். க்வாக்குன்னு எங்க துணை மேலாளர். பல் டாக்டர்கிட்டப் போறேன்னு அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். ராம்யொன்கூட வந்த அந்த மீன் துண்டைக் குடுங்க, மரத்துப்போன மாதிரி பேச வாயில அடக்கிக்கறேன். ஹலோ. ஆமாங்க. இன்னும் மதமதன்னுதான் இருக்கு. நாப்பத்தேழாம் பக்கமா. அங்க இருக்கற வாக்கியம் சரிதாங்க, தொடாதீங்க. இல்லைங்க, கேள்விக்குறி வேணாம், அது கேள்வி இல்ல, தனக்குத்தானே சொல்லிக்கறது. ஆமா. வலி இருக்கு. வெச்சுடறேங்க.

என்ன சிரிப்பு. இருபத்தாறு வருஷத்துல ஆபீஸுக்கு நான் சொன்ன மொத பொய்யி. நல்லாத்தான சொன்னேன்?

எங்க சங்கத்துப் பேரு மதியச்சோறு. பேருக்கு ஏத்த சங்கம். எல்லாரும் வேலைக்குப் போறவங்க. பன்னெண்டு மணிக்கு மத்தவங்க எல்லாம் சாப்பிடப் போனதும், நாங்க எடது கையில கிம்பாப் சோத்துச் சுருளை வெச்சுக்கிட்டு வலது கையில மவுஸைப் பிடிப்போம். ஒரு மணிக்கு எல்லாரும் மறைஞ்சுடுவோம். ராட்சசன் பாதி உயிரோட நின்னுக்கிட்டிருப்பான், நாங்க மீட்டிங் இருக்குன்னு போயிடுவோம். மத்தச் சங்கங்க எங்களைப் பாத்துச் சிரிக்கும். முப்பத்தோரு பேர் இருந்தோம், நல்லா இருந்த காலத்துல. ஒருத்தருக்கும் இன்னொருத்தரோட வயசு தெரியாது, ஊரு தெரியாது. எல்லாரும் எல்லாரையும் வாங்க போங்கதான். வெளியில ஒருத்தர்கிட்டப் பேச ஆரம்பிக்கணும்னா, அவரு எந்த வருஷம் பொறந்தாரு, எந்தப் பள்ளிக்கூடம், அண்ணன்னு சொல்றதா தம்பின்னு சொல்றதா, அதை மொதல்ல தீத்துக்கணும். அதுக்கே அரை நாள் போயிடும். அங்க அந்தத் தொல்லை இல்ல. பேரு தலைக்கு மேல மிதக்கும். போதும்.

ஆமா. சங்கத்துலதான் அந்தக் குறுவி இருந்துச்சு.

இப்ப சந்தோஷமா உங்களுக்கு? ஆமா, அந்தப் பேரு ஒருத்தரோடது. சேகரிப்பு எல்லாம் இல்ல. நோட்டு மூணு இருக்கறது மட்டும் நெசம்.

ஆணா பொண்ணான்னு தெரியாது. அதனால அதுன்னே சொல்றேன். வந்த மொத நாளே நான் கேட்டேன், உங்க பேர்ல ஒரு எழுத்துத் தப்புன்னு தெரியுமான்னு. சரியான பேரு கெடைக்காம வேணும்னே மாத்தி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். இல்லையாம். அதுதான் சரின்னு நெனச்சு எழுதியிருக்கு. மொத நாள், மொத நிமிஷம், சரியான எழுத்துக்கு எத்தனையோ பேரு அடிச்சுப்பிடிச்சு மோதிக்கிட்டிருக்கறப்ப, இது பாட்டுக்குத் தப்பா எழுதி நோகாம உள்ள வந்துடுச்சு. பேரு எவ்வளவு சுலபமா கெடைச்சுது பாருங்கன்னு பெருமை வேற. அன்னிக்கு ஆபீஸ்ல என் மேசையில உக்காந்து சிரிச்ச சிரிப்புல க்வாக்கு வந்து என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு.

வாயில சொன்னா ரெண்டும் ஒண்ணுதான். எழுதினாத்தான் கண்ணை உறுத்தும்.

அது எழுதறது எல்லாமே அப்பிடித்தான். ஒரு வரிக்கு ஒரு தப்பு. நான் ஒவ்வொண்ணா திருத்துவேன். சண்டைக்கு நடுவுலயும் விட மாட்டேன். அங்க ஏழு தலைத் தவளை என்னைப் போட்டு மிதிச்சுக்கிட்டிருக்கும். நான் கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டே, மன்னிக்கணும், அது ஒடைந்தது இல்ல, உடைந்ததுன்னு அடிப்பேன். அது பின்னாலருந்து என் மேல பச்சை வெளிச்சமா ஊத்தும், உயிர் ஏறும். ஏத்திக்கிட்டே சரி அண்ணேன்னு எழுதும். சரி மட்டும் சரியா எழுதும்.

அண்ணேன்னுதான் கூப்பிடும். எருமையைப் பாத்து அண்ணேன்னுதான தோணும். எல்லாத்தையும் திருத்தின நான் அதை மட்டும் திருத்தல. ஏன்னு கேக்காதீங்க. என்னை அண்ணேன்னு கூப்பிட வேற ஆளு இல்ல.

ஆறு வருஷம். தெனம் ஒரு மணி நேரம். கணக்குப் போட்டா என் கூடப் பொறந்த தங்கச்சிகூட அவ்வளவு நேரம் பேசினதில்ல. என்ன பேசினோம்னா, ஒண்ணுமில்ல. உங்க ஊர்ல மழையா, எங்க ஊர்லயும் மழை. இன்னிக்கு கிம்பாப்புல முள்ளங்கி வைக்க மறந்துட்டாங்க. அந்தத் தவளைக்கு ஏழாவது தலை எதுக்கு, ஆறே போதுமே. இந்த ரகம்தான். அது கேட்ட கேள்வி ஒண்ணு ஞாபகம் இருக்கு. ஏன் அண்ணே, நாம சாகறப்ப கோயில் வாசல்ல மறுபடி எழுந்துக்கறோம், அந்தக் கோயிலைக் கட்டினவன் எங்க எழுந்திருப்பான்னு. நான் பதில் யோசிக்கல. எழுந்திருப்பான்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துது, அதைச் சொன்னேன்.

அப்பறமா. அப்பறம் அது வரல. வீட்டுல ஏதோன்னு சொல்லிட்டுப் போச்சு. அவ்வளவுதான். போன மாசம் பதினேழாம் தேதியோட அஞ்சு வருஷம் முடிஞ்சுது.

போன் நம்பரா? வயசே கேக்காத எடத்துல நம்பர் எங்க கேக்கறது. விளையாட்டுக்குள்ளயே கடிதம் போடலாம், ஆனா நண்பர் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். அது போன அடுத்த மாசமே ரெண்டு சர்வரைச் சேத்து ஒண்ணாக்கறோம்னு சொல்லி எல்லாருடைய பட்டியலையும் வழிச்சுத் துடைச்சுட்டான். மறுபடி சேத்துக்கணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கணும். நான் இருக்கேன். தெனம் பன்னெண்டுலருந்து ஒண்ணு வரைக்கும், மூணாம் கோபுரத்து வாசல்ல, அந்தக் குளத்தங்கரையில. அங்கதான் நாங்க கூடுவோம். சங்கத்துல மத்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. நான் மட்டும் மீன் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அஞ்சு வருஷமா பிடிச்ச மீனை வைக்க எடமில்ல, பாதியைக் குளத்துலயே திருப்பிப் போட்டுட்டேன்.

ஒரு தடவை எவனோ முறையிட்டுட்டான், இது மனுஷனில்ல, தானா ஓடற ஏதோ நிரல், தெனம் ஒரே எடத்துல ஒரே நேரத்துல நிக்குதுன்னு. கம்பெனிலருந்து எனக்குக் கேள்வி வந்துச்சு. நீங்கள் மனிதரா. கேள்விக்குறி இல்லாம. நான் கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அதுக்கப்பறம் தொந்தரவு பண்ணல.

மணி என்ன? பதினொன்னு முப்பத்திரெண்டா. நீங்க சாப்பிடுங்க. நூடுல்ஸ் ஊறிடும். எனக்கு வேணாம், முட்டையை மட்டும் எடுத்துக்கோங்க. இல்ல, நெசமா.

அந்த அறிவிப்பு வந்ததுலருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. அஞ்சு வருஷமா ஒரு தடவைகூட உள்ள வராதவங்க பேரு பிடுங்கப்படும். ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருந்தாப் போதும், பேரு தப்பிச்சுடும். அப்பிடித்தான போட்டிருக்கு? நீங்க நல்லாப் படிச்சீங்களா? நான் நாப்பது தடவை படிச்சுட்டேன். அந்த வாக்கியத்தை ரெண்டு விதமாப் பிரிச்சுப் படிக்கலாம், ஆனா ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான் வருது. வராதவங்க எல்லாருக்கும் போன்ல தகவல் போயிருக்கு. நேத்தோட கெடு முடிஞ்சுது. அப்ப, இன்னிக்கு இந்தப் பேரு எனக்குக் கெடைச்சுதுன்னு வெச்சுக்கோங்க, என்ன அர்த்தம்? அஞ்சு வருஷத்துல அது ஒரு தடவைகூட வரல. தகவல் போயும் வரல. ஒண்ணு, வேண்டாம்னு விட்டுடுச்சு. இல்லைன்னா தகவலைப் பாக்க ஆளு இல்ல.

நான் அந்த ரெண்டாவதைச் சொல்ல மாட்டேன்.

கெடைச்சா வெச்சுக்கத்தான் செய்வேன். வேற எவனோ எடுத்து அந்தப் பேர்ல சந்தையில நின்னு வாளு விக்கறதைப் பாக்க முடியாது. நானே குறுவியா நிப்பேன். பிழை பாக்கற பொம்பள பிழையைத் தலையில தூக்கிக்கிட்டுத் திரியறா, திரியட்டுமே. ஏழடி எருமைக்கு மேல சிட்டுக்குறுவின்னு மிதக்கும். ஒருநாள் அது வந்து, அண்ணே என் பேரைக் குடுங்கன்னு கேட்டா, எடுத்துக்கோம்பேன். பேர் மாத்தற சீட்டு ரெண்டு வெச்சிருக்கேன், ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு அன்னிக்கு.

ஆடுது, தெரியுது. இந்தாங்க, முழங்காலைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கறேன்.

எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டாங்க பாருங்க. அந்தக் கடைசி சீட்டு ஆளு விரலைச் சொடுக்கறாரு. மஞ்சள் எழுத்து போச்சு. திறந்துடுச்சு, திறந்துடுச்சு. நீங்க அடிங்க, என்னைப் பாக்காதீங்க, உங்க பொண்ணு பேரை அடிங்க. நிலா. ம். அழுத்துங்க.

போச்சா. ஒரே நொடியிலயா. நான்தான் சொன்னேன்ல. வருத்தப்படாதீங்க. நிளான்னு அடிச்சுப் பாருங்க. ஆமா, பெரிய ள. வெளையாட்டுக்குச் சொல்லல, அடிச்சுத்தான் பாருங்க. ரெண்டாவது பொண்ணுக்கு எத்தனை வயசு? ஆறா. அப்ப இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்குக் கவலையில்ல, அதுக்குள்ள நாலாம் வகுப்புப் புத்தகம் வந்துடும், நான் பாத்ததுதான். பாருங்க, கெடைச்சுடுச்சா. தப்பான எழுத்துக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு.

என்னுதா. அடிச்சு வெச்சிருக்கேன். ஏழு எழுத்து, சரியா, இல்ல, தப்பா, அது எழுதின மாதிரியே அடிச்சிருக்கேன். ரெண்டு தடவை சரி பாத்துட்டேன், தப்பு சரியா இருக்கான்னு. அழுத்தல. இன்னும் அழுத்தல.

தெரியல. கையி போக மாட்டேங்குது. அவசரமா வந்தது நான்தான், அரை நாள் லீவு போட்டு, பொய் சொல்லி. இப்ப இந்த ஒரு பொத்தான். நீங்க அழுத்தறீங்களா? பெரிய உபகாரமா இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். என்ன வருதோ அதைப் படிங்க, வாய்விட்டு. பார்சலு குடுக்கறப்ப பேரு கூப்பிடுவீங்கல்ல, அந்தக் கொரல்லயே.

படிச்சுட்டீங்களா. இன்னொரு தடவை படிங்க. கடைசி வார்த்தையை முழுங்காம.

இப்பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

ம்.

இல்லைங்க, எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க. உங்க கையி ராசி இல்லாம இல்ல. இருங்க. ஒரு நிமிஷம் இருங்க, மூச்சு வாங்கிக்கறேன். எனக்கு இதுதான் வேணும். கெடைக்காம இருக்கணும்னுதான் காலையிலருந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தேன். பேரு கெடைக்கல, அப்பிடின்னா அது வந்திருக்கு. எப்பவோ ஒரு தடவை. நான் ஆபீஸ்ல இருந்தப்ப, தூங்கினப்ப, போன வருஷமோ, நேத்து சாயங்காலமோ. உள்ள வந்து ஒரு நிமிஷம் நின்னிருக்கு. பேரை விட மனசில்லாம இருந்திருக்கு.

ஆமா, வேற யாராவது இந்த நொடியில எடுத்திருக்கலாம்தான். தப்பா எழுதறவன் நாட்டுல அது ஒண்ணுதான்னு சொல்ல முடியாது. நீங்க சொல்றது நியாயம். ஆனா சர்வர் திறந்த மொத நிமிஷத்துல, ராஜா, சிங்கம், நிலான்னு எல்லாரும் அடிச்சுக்கிட்டிருக்கறப்ப, எந்தப் புத்திசாலி இந்தப் பேரை இந்தத் தப்போட அடிப்பான்? நான் அப்பிடி நெனைக்கல. நெனைக்க மாட்டேன்.

நாளைக்கும் பன்னெண்டு மணிக்குப் போய் நிக்கணும். நேரத்தையும் மாத்திப் பாக்கணும். காலையில ஏழுக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு மணி நேரத்துலயே நின்னுக்கிட்டிருந்தது என்னோட முட்டாள்தனம். நீங்க கெளம்பணுமா? கெளம்புங்க, பொட்டியெல்லாம் காத்துக்கிட்டிருக்கும். எனக்கும் ஆபீஸ்.

ஏன் இவ்வளவுன்னா.

நியாயமான கேள்விதான். ஒரு விளையாட்டுல கூட விளையாடின ஆளு, மொகம் பாத்ததில்ல. வீட்டுல ஏதோன்னு சொல்லிட்டுப் போச்சுன்னு சொன்னேன்ல. அது எழுதினதைச் சொல்லிடறேன், உங்களுக்கும் நேரமாச்சு. அன்னிக்கு மதியம் பன்னெண்டே காலுக்கு சங்கத்துல எல்லாரும் பாக்கற எடத்துல எழுதிச்சு. அண்ணே, ரெண்டு மூணு வாரம் வர முடியாது, அம்மா பெத்தெடுத்ததும் வந்துடறேன்னு.

ஒடம்பு தேறறதுக்கும் புள்ள பெத்தெடுக்கறதுக்கும் இந்த ஊரு மொழியில வாயில வர்ற சத்தம் ஒண்ணுதான. எழுதறப்ப அடியில நிக்கற எழுத்து ஒண்ணுதான் வேற. நாட்டுல பாதிப் பேரு தப்பு பண்ற எடம் அது. வருஷத்துக்கு நானூறு தடவை அந்த வார்த்தையில செவப்பு மை வெச்சிருப்பேன். அது அம்மா தேறினதும்னு எழுத வந்திருக்குன்னு பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சுது. புரியலைன்னு சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னும் புரிஞ்சுது. புரிஞ்ச அதே நொடியில கை தப்பைப் பாத்துடுச்சு.

அப்ப பதினொரு பேரு உள்ள இருந்தோம். பேரு வெச்சாச்சான்னு ஒருத்தன். அம்மாவுக்குக் கடற்பாசி சூப்பு வெச்சுக் குடுங்க, பால் நல்லா ஊறும்னு இன்னொருத்தன். அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. அது பதில் எழுதல. குளத்தங்கரையில ரெண்டு நிமிஷம் நின்னுச்சு, அப்பறம் மறைஞ்சுது. மத்தவங்க எல்லாம் பின்னால வந்து சேந்துக்கிட்டவங்கதான். மொதல்ல எழுதினது நான். வாழ்த்துகள், தம்பியா தங்கச்சியான்னு கேட்டேன். வாழ்த்துகள்ங்கற அந்த வார்த்தைக்கு நடுவுல நெறைய பேரு தேவையில்லாம ஒரு க் சேப்பாங்க. நான் சேக்கல, சரியாத்தான் எழுதினேன்.